பாதரசத்தைச் சிறை வைத்த செலீனியம்

மனிதரைப் போலவே பொருள்களுக்கும் நற்பெயரும் அவப்பெயரும் உண்டு. செலீனியம் என்னும் தாதுப்பொருள் நெடுநாள் அவப்பெயரையே சுமந்து வந்தது. 1817-ஆம் ஆண்டில் ஸ்வீடன் தேசத்து ரசாயன அறிஞர் பெர்ஸீலியஸ், கந்தகத் திராவகத் தொழிற்சாலையின் கசடில் இதனைக் கண்டறிந்து, சந்திர தேவதையின் கிரேக்கப் பெயரைச் சூட்டினார். 1930-களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் கால்நடைகளின் மயிர் உதிர்ந்து, குளம்பு கழன்றது. மண்ணிலிருந்து புல்லில் ஏறிய செலீனியமே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. அது முதல் செலீனியம் நஞ்சென்றே கருதப்பட்டது.

1957-இல் இக்கருத்து மாறியது. எலிகளின் ஈரல் அழியாதிருக்க அணுவளவு செலீனியம் உணவில் வேண்டும் என்று அமெரிக்காவில் ஷ்வார்ட்ஸ், ஃபோல்ட்ஸ் என்னும் இருவர் நிறுவினர்.

பத்தாண்டுகள் சென்றன. பாதரசமும் குளோரினும் சேர்ந்த கொடிய உப்பு ஒன்று உண்டு. நம் சித்த மருத்துவர் அதனை வீரம் என்பர். ஐரோப்பாவில் மேகநோய்க்கும் அதை மருந்தாகக் கொடுத்தனர். அளவு மிஞ்சினால் அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அழித்து, சிறுநீரே இறங்காதபடி செய்து, உயிரைப் போக்கும். 1967-இல் பிராக் நகரத்து பார்ஷீசெக்கும் ஒஷ்தாதலோவாவும், வீரம் செலுத்திய எலிகளுக்குச் சிறிதளவு செலீனிய உப்பையும் அளித்தனர். சிறுநீரகம் அழியாமல் எலிகள் பிழைத்தன.

இது எவ்வாறு நிகழ்ந்தது? பாதரசம் உடலை விட்டு வெளியேறியதாலா? அன்று. அது முன்னிலும் மிகுதியாகவே உடலில் தங்கியது. இரத்தத்தில் செலீனியம் பாதரசத்தோடு பிணைந்து, ஒரு புரதத்தையும் துணைக்கொண்டு, அதனைச் செயலற்றதாக்கியது. காவலன் பகைவனை நாடு கடத்தவில்லை, சிறையில் அடைத்தான்.

எலியிடம் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா? இதற்கு விடை தேட, ஸ்லொவேனியாவின் இத்ரியா என்னும் சுரங்க ஊருக்குச் செல்லவேண்டும். அங்கே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பாதரசம் எடுக்கப்பட்டது. அவ்வூர் மருத்துவராயிருந்த ஸ்கோபோலி, தொழிலாளரை வாட்டிய நடுக்கத்தை 1761-லேயே நூலில் எழுதிவைத்தார். 1975-இல் மறைந்த சுரங்கத் தொழிலாளரின் உறுப்புகளை ஆராய்ந்த ஸ்லொவேனிய விஞ்ஞானிகள், பாதரச அணுக்களும் செலீனிய அணுக்களும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாக இருந்ததைக் கண்டனர். எவரும் மருந்தாகக் கொடாமலே, அன்றாட உணவில் வந்த செலீனியம் பாதரசத்தோடு போய்ச் சேர்ந்திருந்தது. ஆயினும் அத்தொழிலாளர் முற்றும் காக்கப்பட்டனர் என்று இதனால் முடிவு கட்டலாகாது. அவர்களுள் பலர் பட்ட துன்பமே அதற்குச் சாட்சி.

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு, செலீனிய மாத்திரையைத் தேடி ஓடவேண்டுவதில்லை. நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது ஒரு கிராமில் லட்சத்தில் நான்கு முதல் ஆறு பங்கே. தானியம், மீன், முட்டை இவற்றிலேயே அது கிடைக்கும். பஞ்சாபில் குடியேறிய நம்மவர்க்கு நவான்ஷஹர், ஹோஷியார்பூர் என்னும் பெயர்கள் பழக்கமானவை. அவ்வட்டாரச் சிற்றூர்கள் சிலவற்றில் செலீனியம் மிகுந்த மண்ணால் கால்நடைகளின் குளம்பும் மக்களின் நகமும் கெட்டதுண்டு.

பாதரசம் கலந்த முகப்பூச்சுகளால் சிறுநீரகம் பழுதுற்ற செய்திகள் 2023-இல் கேரளத்தின் மலப்புறத்திலிருந்து வந்தன. வெளுப்புக்கு ஆசைப்பட்டுப் பெயர் தெரியாத களிம்பை வாங்குமுன் இதனை நினைவிற்கொள்வோம். காவலன் வீட்டிலிருக்கிறான் என்பதற்காகத் திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுவார் உண்டோ?