மன்னார்: கழுதைகளின் ஊர், கூலிகளின் வழி

மன்னார் பஸ் நிலையத்தில் நான் இறங்கியது 2023 சனவரியில், ஒரு விடிகாலையில். முதலில் கண்ணில் பட்டவை கழுதைகள்தாம். நாலைந்து கழுதைகள், பயணிகளோடு பயணிகளாகக் கூரைக்குக் கீழே நின்றுகொண்டிருந்தன. யாரும் விரட்டவில்லை. குட்டியோடு ஒரு பெட்டைக் கழுதை நடுரோட்டில் படுத்திருந்தது. ஆட்டோக்காரர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். இரவில் தாரின் சூடு ஆறாது, அதனால்தான் ரோட்டில் படுக்கிறது என்று தேத்தண்ணிக் கடைக்காரர் விளக்கம் சொன்னார்.

"எங்கட ஊர்ச் சொத்து தம்பி இது. அந்தக் காலத்தில அராபிய வியாபாரிமார் கொண்டுவந்து விட்டது. சுமை தூக்கினதுகள். லொறி வந்த பிறகு வேலையில்லை, சும்மா திரியுதுகள்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை. சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள். கழுதைகளுக்கென்று ஒரு மருத்துவ நிலையமே இங்கே தொடங்கப்பட்டது. வேலையற்றுப்போன ஓர் உயிருக்கு ஒரு ஊர் இவ்வளவு இடம் கொடுப்பது நல்ல விஷயம்தான். எனக்கு அதில் மனக்குறை ஒன்றுமில்லை.

ஊரைச் சுற்றி வந்தேன். பள்ளிமுனையில் பெருக்கமரம் நிற்கிறது. ஆப்பிரிக்க மண்ணின் மரம். அராபியக் கடலோடிகள் கொண்டுவந்து நட்டதாகச் சொல்கிறார்கள். 1477இல் நடப்பட்டதாக நம்பப்படுகிறது. சுற்றளவு ஏறக்குறைய 19.5 மீட்டர். யானை உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. கோட்டைக்குப் போனால் அதற்கும் கதை உண்டு. 1560இல் போர்த்துக்கீசியர், 1658இல் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் என்று கை மாறிய கதை. தோட்டவெளிக்குப் போனால், 1544இல் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி வெட்டிக் கொன்ற கிறிஸ்தவர்களின் கதை. அறுநூறு பேருக்கும் மேல் என்கிறது திருச்சபை வரலாறு. அவர்களுக்கு ஆலயம் இருக்கிறது, வழிபாடு இருக்கிறது.

மரத்துக்குக் கதை, கழுதைக்குக் கதை, கல்லுக்குக் கதை. ரெண்டு நாள் ஊருக்குள் சுற்றியும் எங்கள் ஆட்களின் கதையைச் சொல்லும் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை.

எங்கள் ஆட்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பாயி 1973இல் இந்த மன்னார் வழியாகத்தான் 'தாயகம்' திரும்பினாள். மலையகத்தில் பிறந்து, மலையகத்தில் கொழுந்து பறித்தவள். தாயகம் என்று சொல்லப்பட்ட நாட்டை அதுவரை பார்த்ததே கிடையாது. ஒப்பாரிக் கோச்சி என்று தோட்டங்களில் அந்த ரயிலுக்குப் பெயர். ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள். அந்தக் கோச்சியின் சன்னல் வழியாக அவள் பார்த்த மன்னாரைச் சாகும்வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தாள்: "ஒரே கழுதைங்க ராசா. மணலும் பனையும் கழுதையும். நாங்க பெட்டியும் மூட்டையுமா அழுதுகிட்டுப் போறோம், அதுங்க பாட்டுக்கு மேஞ்சுகிட்டு நின்னுச்சு. அதுங்கள யாரும் போகச் சொல்லல பாரு."

ஒரு கிழவியின் பொலம்பல் என்று அப்போது நினைத்தேன். அது வரலாறு என்று இப்போதுதான் தெரிகிறது.

1820களில் இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காப்பி போட்டார்கள். காடு வெட்டவும் பழம் பறிக்கவும் ஆள் வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, சேலம் சேரிகளில் ஆள் இருந்தது. நிலமில்லாத, பண்ணையடிமையாகக் கிடந்த, பஞ்சம் வந்தால் முதலில் செத்த ஆட்கள். பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தான். கடலைத் தோணியில் கடந்து தலைமன்னார், மன்னார்க் கரைகளில் இறங்கினார்கள். அங்கிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய 150 மைல் நடை. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டுவழி. வறண்ட பூமி, குடிநீர் கிடையாது, காய்ச்சல், வாந்திபேதி. நடக்க முடியாதவனை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். நின்றால் அவர்களும் சாக வேண்டும். காப்பிக்காலத்தில் பழம் பறித்து முடித்ததும் பலர் ஊர் திரும்புவார்கள். அதனால் போகும்போதும் சாவு, வரும்போதும் சாவு.

1841 முதல் 1848 வரை அந்த வழியிலும் தோட்டங்களிலுமாக 70,000 பேர் செத்திருக்கலாம் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகையொன்றே எழுதியது. அந்த எண் சரியா தப்பா என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். பீப்பாய் பீப்பாயாகக் கப்பலேறிய காப்பிக்கு அந்தரும் இறாத்தலுமாகக் கணக்கு வைத்தவர்கள், அதைப் பறித்த கைகள் எத்தனை மண்ணுக்குள் போயின என்பதற்கு ஒழுங்கான கணக்கு வைக்கவில்லை. எண்ணாமல் விட்டதே ஒரு கணக்குத்தான்.

இதை வெள்ளைக்காரன் கொடுமை என்று மட்டும் எழுதி முடித்துவிடுவது நம் தேசிய வரலாற்றாசிரியர்களுக்கு வசதி. அவன் வருவதற்கு முன்பே இதற்குச் சட்டம் எழுதியாகிவிட்டது. மனுவின் பத்தாம் அத்தியாயத்தைப் புரட்டுங்கள். சண்டாளர் ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். நாயும் கழுதையுமே அவர்கள் சொத்து. ஓரிடத்தில் தங்காமல் எப்போதும் அலைந்துகொண்டிருக்க வேண்டும். மன்னார் வீதியில் கழுதையைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. நமக்கு விதிக்கப்பட்ட சொத்துக்கு இந்த ஊர் குடியிருப்பு உரிமை தந்துவிட்டது. நமக்கு அந்த அலைச்சல் மட்டும் மிஞ்சிப்போனது. கங்காணியும் துரையும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அலையவிடப்பட்டவர்களை அலையும் கூலியாக்கிக் கொண்டார்கள், அவ்வளவுதான்.

1914இல் ரயிலும் கப்பலும் இணைந்தன. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அங்கிருந்து ரயில். நடைச்சாவு நின்றது. ஆனால் மண்டபத்தில் முகாம் வந்தது. தொற்றுநோய்த் தடுப்பு என்று கூலிகளைப் பிடித்து அடைத்து, மருந்தடித்து, சோதித்து அனுப்பினார்கள். பல தலைமுறைகள் மலையில் உழைத்தன. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஏறக்குறைய ஏழு லட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. ஆட்டை எண்ணிப் பிரிப்பது மாதிரி. பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அப்பாயி அந்த எண்ணிக்கையில் ஒருத்தி. ராமேஸ்வரத்தில் இறங்கி, புதுக்கோட்டைப் பக்கம் பூட்டன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, ஊர்த்தெருக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்த வீட்டுப் பண்ணையாள் வகையறா நீங்க?" என்பதுதான். குடியுரிமையை மறந்த அரசுகள் உண்டு. சாதியை மறந்த ஊர் கிடையாது. சேரியில் அவள் 'சிலோன்காரி'. அங்கே சிங்களவருக்குக் 'கள்ளத்தோணி', வடக்குத் தமிழருக்குத் 'தோட்டக்காட்டான்'.

மன்னார் மக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதை எழுதவில்லை. அந்த மண்ணும் அடி வாங்கிய மண். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மன்னார் தீவை விட்டு அவர்கள் போக வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் இதே கரையிலிருந்து தமிழர்கள் படகேறி, கூலிகளை அடைத்த அதே மண்டபத்துக்கு அகதிகளாக வந்தார்கள். 2022 நெருக்கடியிலும் வந்தார்கள். 2018இல் மன்னார் நகரத்துக்குள் ஒரு கட்டடத்துக்குத் தோண்டியபோது எலும்புகள் கிளம்பின. 300க்கும் மேற்பட்ட உடல்கள், குழந்தைகள் உட்பட. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று அமெரிக்க ஆய்வகம் சொன்னது. காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் அதை ஏற்கவில்லை. அவை யாருடைய எலும்புகள் என்று கேட்பது நியாயமான கேள்வி. மதவாச்சிக் காட்டு எலும்புகளைப் பற்றியும் யாராவது கேட்க வேண்டாமா? அந்த வழியின் மேல் இப்போது தார் ரோடு ஓடுகிறது.

நான் திரும்பி வந்து ஆறு மாதம் கழித்து ஒரு செய்தி. 2023 சூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து மலையக மக்கள் நடக்கத் தொடங்கினார்கள். 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, பாட்டன்மார் நடந்த வழியிலேயே மாத்தளைக்கு. ஆகஸ்ட் 12 அன்று போய்ச் சேர்ந்தார்கள். இந்த முறை கங்காணி இல்லை. வழியில் விழுந்தவனை விட்டுவிட்டுப் போகும் அவசியமும் இல்லை. நிலத்தையும் வீட்டையும் சம உரிமையையும் கேட்டு நடந்தார்கள். அலைய வேண்டும் என்று விதிக்கப்பட்டவர்கள், இனிமேல் அலைய மாட்டோம் என்று சொல்வதற்காக ஒருமுறை நடந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது என்ன? நம் சேரிகளில் சிலோன் திரும்பிய கிழவிகள் இன்னும் மிச்சம் இருக்கிறார்கள். நாளைக்கு இருக்க மாட்டார்கள். பல்கலைக்கழகம் வந்து கேட்கும் என்று காத்திருக்க வேண்டாம். எந்தத் தோட்டம், எந்தக் கோச்சி, சன்னல் வழியாக என்ன பார்த்தாய் என்று உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்கிற மாதிரியே எழுதுங்கள். என் அப்பாயியிடம் நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. கழுதைகளை மட்டும்தான் எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.