கோலியாத் தவளையும் கரும்புத் தேரையும்: இரு பேருடல்களின் எதிரெதிர் வரலாறு

உலகின் மிகப் பெரிய தவளை ஆப்பிரிக்காவின் கோலியாத் தவளை. மூக்கு நுனியிலிருந்து பின்புறம் வரை 30 செ.மீ.க்கு மேல் வளரும். எடை 3 கிலோவைத் தாண்டும். தேரைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று அமெரிக்கக் கண்டத்தின் கரும்புத் தேரை. பெரும்பாலானவை 10 முதல் 15 செ.மீ. நீளமே இருக்கும்; பெண் தேரைகள் சில இதைவிட வெகுவாகப் பெருக்கும். 2023-இல் ஆஸ்திரேலியாவின் கான்வே தேசியப் பூங்காவில் பிடிபட்ட தேரை 2.7 கிலோ இருந்தது. பேருடலுக்குப் பெயர்பெற்ற இவ்விரண்டில் ஒன்று தான் பிறந்த ஆறுகளிலேயே அருகி வருகிறது. மற்றது கடல் கடந்து, போன பல இடங்களில் பெருகிவிட்டது. இந்த வேறுபாட்டுக்கு அவற்றின் முட்டையிடும் முறை ஒரு காரணம். மனிதர் அவற்றிடம் எதிர்பார்த்த பயன் அதைவிடப் பெரிய காரணம்.

அறிவியலுக்கு முதலில் அறிமுகமானது தேரைதான். 1758-இல் லின்னேயஸ் அதற்குப் பெயரிட்டார். அதற்கு அடிப்படை, ஆல்பர்ட்டஸ் செபா என்ற டச்சு மருந்தாளர் தம் சேகரிப்பைப் பற்றி வெளியிட்ட நூலின் படம். டெக்சாஸின் தெற்கு ஓரம் முதல் அமேசான் படுகை வரை அதன் இயற்கை வாழிடம். கோலியாத் தவளை ஏறத்தாழ 150 ஆண்டுகள் பிந்தியது. தெற்குக் கேமரூனில் ஜார்ஜ் லாட்டிமர் பேட்ஸ் சேகரித்து அனுப்பியவற்றை ஆராய்ந்த விலங்கியலாளர் பூலஞ்சர், 1906-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தபடி அதை விவரித்தார். கேமரூனின் தென்மேற்கிலும் ஈக்வடோரியல் கினியின் வடபகுதியிலும் மழைக்காட்டு ஆறுகளில் அன்றி அது வேறெங்கும் இல்லை.

தேரையின் பரவலைக் கரும்புத் தோட்டங்களின் வரலாறாகவே வாசிக்கலாம். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே அது மார்ட்டினிக், பார்படோஸ் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டது. 1920-களில் போர்ட்டோ ரீக்கோவின் கரும்பு வயல்களில், வேரைத் தின்னும் வண்டுப்புழுக்களை ஒழிக்க விடப்பட்டது. அங்கே 1932-இல் கூடிய கரும்புத் தொழில்நுட்பவியலாளர் மாநாட்டில் ராகேல் டெக்ஸ்டர் ஓர் ஆய்வை முன்வைத்தார். 301 தேரைகளின் வயிற்றை அறுத்துப் பார்த்ததில், உண்டவற்றுள் பாதிக்கு மேல் பயிருக்குக் கேடு செய்யும் பூச்சிகள் என்பது அதன் முடிவு. அதே ஆண்டு பூச்சியியலாளர் பெம்பர்ட்டன் தேரைகளை ஹவாய்க்குக் கொண்டு சென்றார்.

ஹவாயிலிருந்து 1935 ஜூனில் ரெஜினால்ட் முங்கோமரி நூறு சொச்சம் தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார். கார்டன்வேல் அருகிலுள்ள மெரிங்கா கரும்பு ஆய்வு நிலையத்தில் அவை இனம் பெருக்கின. ஆகஸ்டில் 2,400 தேரைக் குஞ்சுகள் வெளியே விடப்பட்டன. பூச்சியியலாளர் வால்டர் ஃப்ராகட் அப்போதே கடுமையாக எதிர்த்தார். அந்த ஆண்டின் இறுதியில், மேலும் தேரைகளை வெளியே விடுவதற்கு மத்திய அரசு தடை விதித்தது. 1936-இல் அத்தடை நீக்கப்பட்டது.

பிழை மிக எளிய இடத்தில் நேர்ந்தது. குயின்ஸ்லாந்தின் கரும்பு வண்டு வளர்ந்தபின் பயிரின் உச்சியில் இலை தின்னும். அதன் புழு மண்ணுக்குள் வேரைத் தின்னும். தரையில் தத்தித் திரியும் தேரைக்கு இரண்டுமே எளிதில் எட்டாதவை. ஒரு தீவில் அறுத்த வயிறு சொன்ன செய்தியை, வேறு வண்டும் வேறு நிலமும் உள்ள கண்டத்துக்கு அப்படியே பொருத்தினார்கள். வயலில் வண்டு எங்கே இருக்கிறது என்று பார்த்திருந்தால் போதும்.

விளைவு வண்டைத் தாண்டிப் போனது. ஒரு பெண் தேரை ஒரே தடவையில் பல்லாயிரம் முட்டைகளை நீண்ட சரங்களாக இடும். குட்டை, வாய்க்கால், மாட்டுத் தண்ணீர்த் தொட்டி எதுவும் அதற்கு ஒத்துக்கொள்ளும். கண்ணுக்குப் பின்னுள்ள பெருஞ்சுரப்பிகளில் நச்சு இருக்கும். முட்டையும் தலைப்பிரட்டையும்கூட நச்சுள்ளவை. ஆஸ்திரேலியாவில் சொந்தத் தேரையினம் எதுவும் இருந்ததில்லை. ஆகவே குவோல் என்னும் பைப்பாலூட்டி, உடும்பு, நன்னீர் முதலை ஆகியவை இந்நஞ்சை அறியாமல் தேரையைக் கவ்வி மடிந்தன. 2001-இல் தேரை காக்கடு தேசியப் பூங்காவை எட்டியது. 2009-இல் மேற்கு ஆஸ்திரேலிய எல்லையைக் கடந்தது. தொடக்கத்தில் ஆண்டுக்குச் சுமார் 10 கி.மீ. நகர்ந்த முன்னணி, பின்னர் 50 கி.மீ. வேகத்தை எட்டியது. முன்னணியில் செல்லும் தேரைகளுக்குக் கால்கள் நீண்டிருப்பதை ரிச்சர்ட் ஷைனும் கூட்டாளிகளும் 2006-இல் காட்டினர். எழுபது ஆண்டுகளுக்குள் கண்ணெதிரே நடந்த பரிணாம மாற்றம் இது.

கோலியாத் தவளையை மனிதர் தேடியது இறைச்சிக்காக. அதன் பெரிய உடலே அதற்கு வினையானது. பின்னாளில் உயிரியல் பூங்காக்களும் வளர்ப்பு விலங்கு வணிகமும் அதை நாடின; கலிபோர்னியாவின் தவளைத் தாண்டுதல் போட்டிக்கும் கொண்டுசெல்லப்பட்டது. உரிய சூழலின்றி அதை வளர்ப்பது கடினம். தேரையைப் போல எந்தக் குட்டையிலும் அது முட்டையிடாது. அதன் தலைப்பிரட்டைகள், வேகமாக ஓடும் நீரில் பாறைகளைப் பற்றி வளரும் ஒருவகைத் தாவரத்தை உண்கின்றன. ஆறு கெட்டால் அந்த உணவும் போகும்.

அதன் முட்டையிடும் முறை 2019-இல்தான் அறிவியல் பதிவானது. அங்கே தவளை பிடிப்போர் அதை முன்பே அறிந்திருந்தனர். அவர்கள் சொன்ன செய்தியைத் தொடர்ந்து கேமரூனின் ம்பூலா ஆற்றில் மார்வின் ஷேஃபரும் குழுவினரும் தவளைக் கூடுகளைக் கண்டறிந்தனர். சில, பாறைக் குழிகளில் சருகையும் மண்ணையும் நீக்கித் துப்புரவு செய்தவை. சில, கரையோரப் பள்ளங்களில் சருகை ஓரத்துக்குத் தள்ளி அணைகட்டியவை. மூன்றாவது வகையே வியப்புக்குரியது: சரளைக் கரையில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் குழி தோண்டி, 2 கிலோ எடையுள்ள கற்களைக்கூட நகர்த்தியமைத்த குளம். இரவில் பெரிய தவளை அருகிலேயே காவல் இருக்கும். வெள்ளத்தின் இழுப்பிலிருந்தும் மீன் போன்ற பகைகளிலிருந்தும் முட்டைகளைக் காப்பதே இதன் நோக்கம். இந்த உழைப்புக்குத் தேவைப்பட்டதே பேருடலின் காரணமாகலாம் என்பது ஆய்வாளரின் கருத்து.

இன்று கோலியாத் தவளை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிய இனம். வேட்டை, காட்டழிப்பு, முட்டையிடும் ஓடைகளில் படியும் வண்டல் ஆகியவை அதன் எண்ணிக்கையைக் குறைத்துள்ளன. காப்பகத்தில் அதை இனப்பெருக்கம் செய்விக்கும் முயற்சிகள் பலன் தரவில்லை. எனவே, கல் நகர்த்திக் கூடமைக்க இடம்தரும் ஆற்றுக்கரைகளைக் காப்பதன்றி அதைப் பேண வேறு வழியில்லை.