நம் அணி எது?

நாவலப்பிட்டிக்குப் புகையிரதப் பாதை வந்து சேர்ந்தது 1874ஆம் ஆண்டில். கோப்பிக்காக இடப்பட்ட அப்பாதை பின்னர் தேயிலையைச் சுமந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கியது. தேயிலை இறங்கிய அதே தண்டவாளத்தின் வழியே மலையேறி வந்தவர்கள் தமிழகத்தின் ஏழைக் குடியானவர்கள். ஊரில் மழை பெய்ததா, பயிர் விளைந்ததா என்ற செய்திக்காக அவர்கள் காத்திருந்தனர். பத்திரிகையும் வானொலியும் மலைக்கு வந்தபின், காத்திருந்த செய்திகளோடு விளையாட்டுச் செய்தியும் சேர்ந்துகொண்டது.

தொலைவில் வாழும் ஒருவன், தான் ஒருபோதும் நேரிற் காணாத அணியொன்றின் வெற்றியைத் தன் வெற்றியாக ஏன் கொண்டாடுகிறான்? இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயின், கடிதம் எழுதத் தெரியாதவனும், கப்பற் கட்டணம் இல்லாதவனும், ஆட்டத்தின் முடிவைக் கேட்கும் அந்தக் கணத்தில் பிரிந்து வந்த மக்களோடு ஒன்றாகி விடுகிறான். ஏழைக்கு எட்டிய உறவு அது.

1948 ஆகஸ்ட் 12ஆம் நாள், இலண்டன் ஒலிம்பிக் ஹொக்கி இறுதியாட்டத்தில் சுதந்திர இந்தியாவின் அணி பிரிட்டனை 4-0 என வென்றது. வெள்ளைத் துரைமாரின் கீழ் கொழுந்து கிள்ளிய மக்களுக்கு, அத்துரைமாரின் தலைநகரிலேயே கிட்டிய அவ்வெற்றி எத்தகையதென்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே 1948இல்தான் இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 'இவர்களுக்கு இந்நாட்டில் நிலையான பற்று இல்லை' என்பதே அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஊரை நினைப்பது குற்றமென்றால், ஊர்ப்பக்கத்து அணியை நினைப்பதும் குற்றத்துக்குச் சாட்சியாகி விடுமன்றோ?

சென்னை அணியும் இலங்கை அணியும் கோபாலன் கிண்ணத்துக்காக மோதும் கிரிக்கெட் ஆட்டங்கள் 1950களில் தொடங்கின. பாட்டன் பிறந்த மண் ஒருபுறம். தான் பிறந்த மண் மறுபுறம். மனிதன் இரண்டையும் நேசிக்கலாம். அரசாங்கப் பதிவேட்டில் மட்டும் ஒன்றையே எழுத முடியும்.

அப்பதிவேட்டையும் அம்மக்கள் எழுதவில்லை. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்கிட்டு, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கென்றும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு அரசுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. மலையகத்திலிருந்து புகையிரதத்தில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேசுவரத்துக்கும் குடும்பங்கள் சென்றன. பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களிற் குடியேறினர். இலங்கையில் 'இந்தியத் தமிழர்' என்று குறிக்கப்பட்டவர்கள், இந்தியாவில் 'சிலோன்காரர்' என்று அழைக்கப்பட்டனர்!

1982 செப்டெம்பரில் இலங்கை அணி இந்திய மண்ணில் தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தைச் சென்னைச் சேப்பாக்கத்தில் ஆடிற்று. துலீப் மெண்டிஸ் இரு இன்னிங்ஸிலும் 105 ஓட்டங்கள் எடுத்தார். நாவலப்பிட்டியில் பிறந்து நீலகிரியில் வாழ்ந்த ஒருவர் அன்று அவ்வாட்டத்தை வானொலியிற் கேட்டிருப்பின், எவருக்காகக் கைதட்டியிருப்பார்? அவருக்கு இப்போது தொலைவிலுள்ள அணி இலங்கை அணியே. எந்தப் பக்கம் கைதட்டினும் அவரைக் குற்றஞ்சாட்ட எவருக்கு உரிமையுண்டு?

கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரனின் குடும்பம் இவ்வரலாற்றின் கண்கூடான சான்று. அவருடைய பாட்டனார் 1920இல் தோட்டத் தொழிலுக்காகத் தமிழகத்திலிருந்து வந்தவர். பின்னர் அவர் திருச்சிராப்பள்ளிக்குத் திரும்பினார். முரளிதரனின் தந்தையார் இலங்கையிலேயே தங்கினார். 2004 மே மாதத்தில் பேரன் டெஸ்ட் விக்கெட்டுகளில் உலகச் சாதனையை முறியடித்தார். நூறு வயதைக் கடந்த பாட்டனார் அதே ஆண்டில் மறைந்தார். பாட்டன் ஒரு நாட்டிலும் பேரன் மறுநாட்டின் அணியிலும் இருந்த இக்குடும்பத்தில், யார் அந்நியர்?

1996 மார்ச் 17இல் இலாகூரில் உலகக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் முரளிதரன் இருந்தார். அன்று தோட்ட லயங்களில் ஆரவாரித்தோருள், அந்நாட்டின் பிரஜையென்று சட்டம் ஏற்காதவர்களும் இருந்தனர். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல்தான். ஆரவாரத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. வாக்குக்கோ ஏழு ஆண்டுகள் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இது நம் தீவுக்கு மட்டும் உரிய கதையன்று. 1990இல் பிரித்தானிய அரசியல்வாதி நோர்மன் டெபிட், குடியேறிய ஆசியர்கள் எந்தக் கிரிக்கெட் அணியை ஆதரிக்கின்றனர் என்பதையே விசுவாசத்தின் உரைகல்லாக்கினார். உழைப்பை வாங்கும்போது கேட்காத கேள்வியை, உரிமை கேட்கும்போது மட்டும் கேட்கின்றனர்.

2010 ஜூலை 22இல் காலி மைதானத்தில் முரளிதரன் தமது 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். எதிரணி இந்தியா. தோட்டத் தொழிலாளியாக வந்தவரின் பேரன், பாட்டன் பிறந்த நாட்டுக்கு எதிராக, தான் பிறந்த நாட்டுக்காக அதைச் சாதித்தார். இக்கரையில் அதைக் கொண்டாடியவரும், அக்கரையிலிருந்து அதைக் கொண்டாடியவரும் ஒரே வரலாற்றின் மக்கள்.

'உன் அணி எது?' என்று வகுப்பறையில் ஒரு மாணவனைக் கேட்கும் ஆசிரியர், அவன் சொல்லும் விடையை மகிழ்ச்சியோடு கேட்கட்டும். அவ்விடையைக் கொண்டு அவனுடைய உரிமையை அளக்க முற்படுவோரை, மாணவனும் ஆசிரியரும் சேர்ந்தே எதிர்த்து நிற்கட்டும்.