நகரமாகிவிட்ட தின்னவேலி: காணி, கிணறு, கடை

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலி என்று முழுப்பெயரைச் சொல்பவர்கள் குறைவு. பேச்சில் அது தின்னவேலி. பஸ் நடத்துனரும் சந்தை வியாபாரியும் கம்பஸ் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்களுக்கு, அது உங்கள் திருநெல்வேலி அல்ல என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. யாழ். நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால், மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும் இடம். முன்பு தோட்டமும் வளவுமாக இருந்த இந்த ஊர் இப்போது, பெயரளவில் இல்லாவிட்டாலும் நடைமுறையில், ஒரு நகரம்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் பெரியம்மாவின் மகள். அக்காவுக்குச் சீதனமாகக் கிடைத்த இரண்டு பரப்புக் காணி தின்னவேலியில் இருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு சிறிய கடை கட்டி, காலையில் இடியப்பமும் மதியம் சாப்பாட்டுப் பார்சலும் விற்பதுதான் அவரின் திட்டம். காணியை ஈடு வைத்துக் கடன் எடுக்க ஒரு வங்கிக்குப் போனோம். உறுதி, நில அளவைப் படம், சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எல்லாம் கையில் இருந்தன. கோப்பைப் புரட்டிய அலுவலர் கேட்டது ஒன்றைத்தான்: "கணவரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே?"

அக்காவின் கணவர் வெளிநாடு போய்ப் பல வருடங்கள். இப்போது எந்த நாட்டில் இருக்கிறார் என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. வெளியே வந்ததும் அக்கா கேட்டார்: "தம்பி, அம்மா எனக்குத் தந்த காணிக்கு அவற்ர கையெழுத்து என்னத்துக்கு?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முதல், ஊர் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே எல்லாம் கல்வியில் தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் இங்கே பரமேஸ்வராக் கல்லூரியை நிறுவினார். அந்த வளாகத்தில்தான் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் வந்தது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவர். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆனாலும் ஊர் இன்றுவரை அதைக் கம்பஸ் என்றே கூப்பிடுகிறது. வெளியூர்ப் பிள்ளைகளும் விரிவுரையாளர்களும் வந்தார்கள், அறைகள் வாடகைக்குப் போயின, சாப்பாட்டுக் கடைகளும் ஃபோட்டோ கொப்பிக் கடைகளும் முளைத்தன. கம்பஸ் வாசலிலிருந்து பரமேஸ்வராச் சந்தி வரை நடந்து பார்த்தால், ஒரு நிறுவனம் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பது விளங்கும்.

யுத்த காலத்தையும் இந்த ஊர் முன்வரிசையில் இருந்தே பார்த்தது. 1983 ஜூலை 23 இரவு பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்ட தாக்குதல் இதே பலாலி வீதியில்தான் நடந்தது. 1987 ஒக்டோபரில் இந்திய இராணுவம் ஹெலிகொப்டரில் வந்திறங்கியது இதே கம்பஸ் மைதானத்தில். 1995 இடப்பெயர்வில் ஊரே வெறுமையானது. பிறகு 2006 ஆகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்டபோது நான் பள்ளிக்கூடப் பையன். சீனிக்கும் மாவுக்கும் கூட்டுறவுக் கடையில் அட்டையோடு வரிசையில் நின்றது நன்றாக நினைவிருக்கிறது. இன்றைக்கும் இங்கத்தைய வியாபாரிகள் பலர் பின்னறையில் தேவைக்கு மேல் சாமான் அடுக்கி வைப்பார்கள். கொழும்பிலிருந்து வரும் விற்பனைப் பிரதிநிதிகள் அதைப் பழைய பழக்கம் என்று சிரிப்பதுண்டு. 2022 நெருக்கடியில் அந்தப் பழக்கம்தான் பல கடைகளைத் திறந்து வைத்திருந்தது.

ஒரு கணக்கைக் கவனியுங்கள். 1981 குடிசன மதிப்பீட்டில் இன்றைய யாழ். மாவட்டத்தின் எல்லைக்குள், அதாவது கிளிநொச்சியைத் தவிர்த்து, சுமார் 7 லட்சத்து 38 ஆயிரம் பேர் இருந்தார்கள். 2012இல் அது சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம். மாவட்டத்தில் ஆட்கள் குறைந்திருக்க, தின்னவேலியில் மட்டும் எப்படி நெரிசல் கூடியது? தீவுகளிலிருந்தும், நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்த வலிகாமம் வடக்கிலிருந்தும் வந்தவர்களில் ஒரு பகுதியினர் நகரத்தைச் சுற்றியே தங்கிவிட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் காணி வாங்கும்போதும் கம்பஸ், ஆஸ்பத்திரி, நல்ல பள்ளிக்கூடம் மூன்றும் கிட்ட இருக்கும் இடத்தையே பார்க்கிறார்கள். ஆட்கள் குறைந்தாலும், இருப்பவர்கள் ஒரே பக்கமாகக் கூடுகிறார்கள்.

அப்படிக் கூடிய இடத்தை நிர்வகிப்பது எது? யாழ்ப்பாணம் 1949இலிருந்து மாநகர சபை. சாவகச்சேரி, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை மூன்றும் நகர சபைகள். தின்னவேலியோ நல்லூர் பிரதேச சபைக்குள் வருகிறது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியபோது மனதில் வைத்திருந்தது கிராமங்களை. ஒரு வேடிக்கை: நல்லூர்க் கந்தசாமி கோயில் மாநகர சபை எல்லைக்குள் இருக்கிறது, நல்லூர்ப் பிரதேச சபைக்குள் இல்லை. புதிதாகக் கடை திறப்பவர்கள் முதலில் தடுமாறுவது இந்த எல்லையில்தான். வியாபாரப் பெயரைப் பதிவது பிரதேச செயலகத்தில். அது மத்திய அரசின் நிர்வாகத்தில் வரும் அலுவலகம், அங்கே கிராம அலுவலரின் சிபாரிசு வேண்டும். வியாபார அனுமதிப்பத்திரமும் கட்டட அனுமதியும் பிரதேச சபையில். உணவுக் கடையென்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து அடுப்படியையும் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்த்துவிட்டுப் போவார். பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றென நினைத்து, மாறி வரிசையில் நின்று அரை நாளை வீணாக்கியவர்களில் நானும் ஒருவன்.

முறைப்பாடு சொல்ல உறுப்பினரைத் தேடினால் அதற்கும் ஒரு கதை இருக்கிறது. நாடு முழுவதும் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களே சபைகளை நடத்தினார்கள். வடிகால் எங்கே அடைத்திருக்கிறது என்று கேட்க, வட்டாரத்தில் தெரிவான ஆள் ஒருவரும் இல்லை.

இனிக் காணி. இங்கே காணியைப் பரப்பில்தான் அளக்கிறோம். குடியிருப்புக் காணியில் 16 பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். தின்னவேலி, கோண்டாவில், கோப்பாய்ப் பக்கம் செம்மண். வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் விளைந்த மண். விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் தின்னவேலியில் அமைந்ததும் சும்மா இல்லை. இன்று அந்த மண்ணுக்கு மேலே சீமெந்து. தோட்டக்காரர் ஒரு போகத்தில் உழைப்பதை வீதிக்கரைக் கடை வாடகை சில மாதங்களில் தந்துவிடும். அவரிடம் போய் மண்ணைக் காப்பாற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காணி கைமாறுவதில் தேசவழமை குறுக்கே நிற்கும். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த வழமைச் சட்டம் அது. இன்றும் அது உயிரோடிருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று முன்வாங்கல் உரிமை. பிரிக்கப்படாத பங்கை வெளியாருக்கு விற்க முதல் பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் அறிவிக்க வேண்டும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஒழுங்குபடுத்துகிறது. வடக்கில் காணி வாங்கும் எவரையும், அவர் எந்த ஊரவரானாலும், இது கட்டுப்படுத்தும். கனடாவில் ஒரு பங்காளி, பிரான்சில் ஒரு பங்காளி என்றிருக்கும் காணியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிட்டு, பிறகு நீதிமன்றத்துக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, அக்காவின் பிரச்சினை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, திருமணமான பெண் தன் சொந்த அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகையை விற்கலாம், வாகனத்தை விற்கலாம், மரணசாசனமும் எழுதலாம். காணியை மட்டும் தொட முடியாது. கணவன் தன் காணியை விற்பதற்கு மனைவியிடம் இப்படி ஒரு கையெழுத்து வாங்கத் தேவையில்லை. பெண்ணுக்குச் சீதனமாகக் காணி கொடுப்பதைப் பெருமையாகச் சொல்லும் சமூகம் இதைப் பற்றிப் பேசுவதில்லை. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்கள், கைவிடப்பட்டவர்கள், கணவர் வெளிநாட்டில் தொடர்பற்றுப் போனவர்கள் என்று யுத்தத்துக்குப் பின் இந்த மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களைப் பெண்கள் தனியே கொண்டு நடத்துகிறார்கள்! அவர்கள் தொழில் தொடங்க வைத்திருக்கும் ஒரே முதல் காணிதான்.

வழி இல்லாமல் இல்லை. அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு மாவட்ட நீதிமன்றத்துக்கு ஓர் அதிகாரம் கொடுக்கிறது. கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருக்குமிடம் தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மனுச் செய்து நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். வங்கியில் இதை அக்காவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒரு சட்டத்தரணி பத்து நிமிடத்தில் சொன்னார். பலருக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்காமல், பவுணை அடகு வைத்தோ, வாரக் கட்டுப்பணக் கடன் எடுத்தோ தொடங்குகிறார்கள். வாராவாரம் கதவைத் தட்டும் நுண்கடனைவிட நகை அடகு எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம்.

கிணற்றுக்கு வருவோம், ஏனெனில் இந்த ஊரின் உண்மையான எல்லை அங்கேதான் இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதைத்தான் நாங்கள் மற்ற மாதங்களில் அள்ளிக் குடிக்கிறோம். அதே வெடிப்புகளுக்குள்தான் மலக்குழியிலிருந்து கசிவதும், தோட்டத்துக்குப் போடும் உரமும் இறங்குகின்றன. கழிவுநீருக்குப் பொதுக் குழாய்வழி இல்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் 50 அடி இடைவெளி என்பது பழைய கணக்கு. ஒரு பரப்பு என்பது சுமார் 2,722 சதுர அடி. சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 52 அடி. அதில் வீட்டையும் கட்டி, தன் கிணற்றிலிருந்தும் நாலு பக்கத்து அயலவரின் கிணற்றிலிருந்தும் 50 அடி தள்ளிக் குழி தோண்ட எந்தப் பொறியியலாளராலும் முடியாது. அந்த வளவில் மாணவர்களுக்கென்று மாடி அறைகளும் எழும்பினால் சொல்லத் தேவையில்லை.

குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம், கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் என்ன ஆகும் என்பதைச் சுன்னாகம் காட்டியது. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்ததில் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் அதன் கொள்ளளவு. குழாய்த் தண்ணீர் இணைப்புக் கிடைக்கும் ஒழுங்கையில் இருப்பவர்கள் எடுத்துவிடுவது நல்லது. "கிணத்துத் தண்ணியின்ர ருசி வராது" என்று மறுப்பவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு.

வியாபாரத்தின் ஓட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். தின்னவேலிச் சந்தை குடாநாட்டின் பெரிய மரக்கறிச் சந்தைகளில் ஒன்று. 2021இல் கொரோனா பரவியதால் அதை மூடியபோது, கோப்பாய், உரும்பிராய்த் தோட்டக்காரர்கள் மரக்கறியை எங்கே கொண்டுபோவதென்று தெரியாமல் திண்டாடினார்கள். சந்தைக்குள் வாடகை கட்டி இருப்பவருக்கும், வெளியே வாகனத்தில் வைத்து விற்பவருக்கும் இடையில் தீராத பகை. கம்பஸை நம்பிய கடைக்கு வருடம் பன்னிரண்டு மாதம் அல்ல. விடுமுறையும் பணிப்புறக்கணிப்பும் போக எட்டோ ஒன்பதோ என்று கணக்குப் போட்டால்தான் வாடகை கட்டலாம். ஆள் வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12, ஊழியர் 8 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதம். விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு இதைக் கட்டாத கடைகள் ஏராளம். கேட்டால் "அது பெரிய கடையளுக்குத்தான்" என்பார்கள். அப்படி இல்லை, ஒருவர் வேலை செய்தாலும் கட்ட வேண்டும்.

அக்கா மாவட்ட நீதிமன்றத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். கடைக்கான வரைபடத்தில் மலக்குழியை ஒருமுறை இடம் மாற்ற வேண்டி வந்தது, பக்கத்து வளவுக் கிணறு கிட்ட இருந்தபடியால். வழக்குத் தவணை வரும்வரை காத்திருக்காமல், வீட்டுக் குசினியிலேயே இடியப்பம் அவிக்கத் தொடங்கிவிட்டார். காலை ஆறரைக்கு, ஒழுங்கை முகப்பில் இருக்கும் மூன்று மாணவர் விடுதிகளுக்கு நாற்பது பார்சல் போகிறது. சம்பலுக்குத் தேங்காய் விலைதான் இப்போதைக்கு அவரின் பெரிய கவலை.