தனியொருவர் செய்த தமிழ்க் கருவிகள்

மாணவ நண்பர்களே, 'திருவண்ணாமலை' என்னும் ஊர்ப்பெயரை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன? தி, ரு, வ, ண், ணா, ம, லை என்று விரல்விட்டு எண்ணி, ஏழு என்பீர்கள். தொடக்கப்பள்ளிக் குழந்தையும் இதனைப் பிழையின்றிச் சொல்லும். ஆனால், தமிழ் எழுத்தின் இயல்பு கற்பிக்கப்படாத கணிப்பொறியிடம் இதே பெயரைக் கொடுத்து எண்ணச் சொன்னால், அது பன்னிரண்டு என்று விடை தரும். தகரத்தை ஒன்றாகவும் அதன்மேல் ஏறிய இகரக் குறியை மற்றொன்றாகவும் அது எண்ணுகிறது. 'ண்' என்பதில் உள்ள புள்ளியையும் தனியாக எண்ணுகிறது. குழந்தை அறிந்த கணக்கு, கோடிக் கணக்குகளை நொடியில் முடிக்கும் பொறிக்குத் தெரியவில்லை!

இந்த இடைவெளியை நிரப்பியவர் யார்? பெரிய நிறுவனங்களும் அரசுகளும் பின்னர் வந்தன. முதலில் வந்தவர்கள் தனி மனிதர்கள். பகலில் ஒரு தொழில் செய்து, இரவில் தம் வீட்டு மேசையில் அமர்ந்து, சிறு சிறு நிரல்களை எழுதியவர்கள். அவர்களுடைய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வதே இன்றைய என் பேச்சின் நோக்கம். அந்த உழைப்பின் பயனை நானே அனுபவித்தவன். ஆதலால் இது எனக்கு நன்றிக்கடனும் ஆகும்.

தமிழ் எழுத்துக்காகத் தனியொருவர் கருவி செய்யும் வழக்கம் கணிப்பொறியோடு பிறந்ததன்று. யாழ்ப்பாணத்தில் 1886-ஆம் ஆண்டு பிறந்து, மலாயா நாடு சென்று உழைத்த ஆர். முத்தையா அவர்களை நினைவு கூர்வோம். தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்த முன்னோடி அவர். தமிழ் எழுத்துகள் 247. அத்தனைக்கும் தனித்தனி விசை வைத்தால் பொறி ஒரு பேழை அளவு பெருகிவிடும். ஆகவே அவர் நகராவிசை என்னும் உத்தியைக் கையாண்டார். புள்ளிக்குரிய விசையை அழுத்தினால் தாள் நகராது. அடுத்து ககரத்தை அழுத்தும்போது அது புள்ளியின் கீழே சென்று அமர்ந்து 'க்' ஆகும். எழுத்தைக் கூறுகளாகப் பிரித்துப் பின்பு கூட்டுவது என்னும் எண்ணம் அப்பொறியிலேயே இருந்தது. கணிப்பொறிக் காலத்தில் அதுவே புது வடிவில் மீண்டும் வந்தது.

1980-களில் மேசைக் கணிப்பொறிகள் வீடுகளுக்குள் புகுந்தன. அவை ஆங்கிலம் மட்டுமே அறிந்தவை. அப்போது கனடாவில் வாழ்ந்த கு. சீனிவாசன் 'ஆதமி' என்னும் தமிழ்ச் சொற்செயலியை ஆக்கினார். மலேசியாவில் இளைஞராயிருந்த முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' என்னும் மென்பொருளைத் தந்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' என்னும் முறையை வகுத்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ந்துவந்த கலியாணசுந்தரம் 'மயிலை' என்னும் எழுத்துருவை உருவாக்கி இலவசமாக வழங்கினார்.

இவர்களை ஒருங்கே நோக்கும்போது இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, பலர் தாய்நிலத்துக்கு வெளியே வாழ்ந்தவர்கள். தமிழ் அச்சகமும் தமிழ்த் தட்டச்சுப் பொறியும் எளிதில் கிட்டாத ஊரில், தாய்மொழியில் ஒரு கடிதம் எழுத விரும்பியவனுக்குத் தேவை கூர்மையாக இருந்தது. தேவையை நெருக்கமாக உணர்ந்தவனே கருவியைச் செய்தான். இரண்டாவது, இவர்கள் எல்லாரும் கணிப்பொறித் தொழிலர் அல்லர். ஒருவர் வேதியியலார். கோவிந்தசாமியோ சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களுக்குக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர். 'நான் அந்தத் துறை படிக்கவில்லையே' என்று தயங்கும் மாணவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இனி, இவ்வரலாற்றில் நேர்ந்த ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். அக்காலக் கணிப்பொறி எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்கள் 256. அவற்றுள் முதல் 128 ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் பிற குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களில், சில இடங்களில் ஆங்கில இடங்களிலேயே கூட, தமிழைக் குடியேற்ற வேண்டும். கருவி செய்த ஒவ்வொருவரும் தமக்கு ஏற்ற வரிசையில் குடியேற்றினர். ஒருவர் வரிசையில் ககரம் அமர்ந்த இடத்தில் மற்றொருவர் வரிசையில் மகரம் அமர்ந்தது. இதனால் ஒரு எழுத்துருவில் எழுதிய கடிதத்தை வேறு எழுத்துரு உடையவர் திறந்தால், பொருளற்ற குறிகளே தோன்றின. கருவிகள் பெருகப் பெருகத் தமிழ் பல தீவுகளாகப் பிரிந்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. அந்த எழுத்துருக்கள் எழுத்தைச் சேமிக்கவில்லை. எழுத்தின் வடிவத்தைச் சேமித்தன. 'லை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் முதலில் தெரிவது ஐகாரக் குறி, பிறகு லகரம். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் அவ்வரிசையிலேயே அதனைப் பதித்தன. ஆனால் இலக்கணப்படி லகரத்தோடு ஐகாரம் சேர்ந்ததே 'லை'. வடிவம் மாறக்கூடியது என்பதற்கும் எங்கள் ஊர்ப்பெயரே சான்று. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில், திருவண்ணாமலையின் 'ணா'வும் 'லை'யும் இன்றைய வடிவில் இரா. வடிவம் மாறிற்று, எழுத்து மாறவில்லை. ஆகவே சேமிக்க வேண்டியது எழுத்தையே அன்றி வடிவத்தை அன்று என்பது தெளிவாகிறது.

அந்தக் கொள்கையில் அமைந்ததே யூனிக்கோடு எனப்படும் ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே அட்டவணை அது. 1991-இல் வெளியான அதன் முதற்பதிப்பிலேயே தமிழும் இடம் பெற்றது. ஆயினும், வீட்டுக் கணிப்பொறிகள் அதனைப் புரிந்துகொண்டு தமிழைத் திரையில் காட்டுவதற்கு 2000-ஆம் ஆண்டளவு ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் தமிழர் வாளாவிருக்கவில்லை. 1997-இல் சிங்கப்பூரில் கூடிப் பேசினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டினர். விசைப்பலகைக்கு 'தமிழ் 99' என்னும் பொது அமைப்பு அங்கே வடிவெடுத்தது. கோவிந்தசாமி அவ்வாண்டிலேயே காலமானார். தன்னார்வலர் சிலர் மின்னஞ்சல் வழியே கலந்து பேசி 'திஸ்கி' என்னும் பொதுக் குறியீட்டையும் வகுத்தனர். தாம் தனியே வகுத்த வரிசையை விட்டுக்கொடுத்துப் பொதுவரிசைக்கு இசைவது எளிதன்று. தான் கட்டிய வீட்டின் வாசலை ஊர்த் தெருவுக்கு ஏற்ப மாற்றிக் கட்டுவது போன்றது அது. அதற்கு இசைந்தவர்களின் மனப்பான்மையையும் நாம் போற்ற வேண்டும். இறுதியில், 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று அறிவித்தது.

இங்கு என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 1990-களின் இறுதியில், எனக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் ஒருவர் திருவண்ணாமலையின் தெருக்கள், குளங்கள், சாவடிகள் பற்றித் தாம் திரட்டிய குறிப்புகளை மாலைதோறும் சொல்வார், நான் தட்டெழுதுவேன். ஐம்பது பக்கத்துக்கு மேல் ஆயிற்று. பின்னர் அவர் மறைந்தார். கையெழுத்துப் படி மழையில் நனைந்து பாழாயிற்று. 'தட்டில் இருக்கிறதே' என்று நான் கவலையின்றி இருந்தேன். பல ஆண்டுகள் கழித்து அக்கோப்பைத் திறந்தபோது, திரையில் கண்டது தமிழே அன்று. கொம்பும் வாலும் முளைத்த அயல்மொழி எழுத்துகளின் குவியல். நான் பயன்படுத்திய எழுத்துரு என்னிடம் இல்லை. அதன் பெயரும் நினைவில் இல்லை. ஒரு மனிதரின் வாழ்நாள் அறிவு என் கண்முன்னே இருக்கிறது. ஆனால் படிக்க இயலவில்லை. அந்தத் துயரத்தை எவ்வாறு விளக்குவேன்!

அன்றிரவு எனக்குக் கோயில் மதில் நினைவுக்கு வந்தது. அண்ணாமலையார் கோயில் சுவர்களில் பல நூற்றாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. பழகியவரே படிக்க வல்லவர். ஆயினும் கல்லில் இருப்பதைக் கற்றவன் படிக்கலாம். என் கோப்பைப் படிக்கக் கல்வி மட்டும் போதாது, திறவுகோலும் வேண்டும்.

அத்திறவுகோலையும் ஒரு தனி மனிதரே செய்து வைத்திருந்தார். செருமனியில் வாழும் ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன், 'பொங்குதமிழ்' என்னும் எழுத்து மாற்றியை இணையத்தில் எல்லாருக்கும் இலவசமாக வைத்தார். ஒரு கட்டத்தில் பழைய எழுத்தை இட்டு, அது எந்த முறையில் எழுதப்பட்டது என்று குறிப்பிட்டால், மறு கட்டத்தில் ஒருங்குறித் தமிழ் தோன்றும். அதன் வேலை இரண்டு. ஒவ்வொரு பழைய இடத்துக்கும் உரிய புதிய எழுத்தை அட்டவணையில் கண்டு மாற்ற வேண்டும். பின்பு, முன்னே நிற்கும் ஐகாரக் குறியையும் எகர ஏகாரக் கொம்புகளையும் மெய்க்குப் பின்னே கொண்டு சேர்க்க வேண்டும். 'கொ' என்பதில் கொம்பும் காலுமாக இருபுறமும் நிற்கும் குறிகளை ஒன்றாக்க வேண்டும். சொல்வதற்கு எளிது, பல எழுத்துருக்களுக்குச் செய்வது பெரும்பாடு.

என் எழுத்துரு எது என்று அறியாமையால், அங்குள்ள முறைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். முதலில் குழப்பம், மறுபடியும் குழப்பம். ஒரு முறையைத் தேர்ந்தபோது, முதல் வரியில் 'திருவண்ணாமலை' என்னும் ஏழு எழுத்துகள் தெளிவாக எழுந்து நின்றன. என் ஆசிரியரின் குரலையே மீண்டும் கேட்டதுபோல் இருந்தது. சில எழுத்துகள் பிழையாக வந்தன. அவற்றைக் கையால் திருத்தினேன். ஐம்பது பக்கமும் பிழைத்தன.

சோழர் காலத்திலும் இத்தகைய செயல் நிகழ்ந்தது என்பது வியப்பன்று. திருமழபாடிக் கோயிலைப் புதுப்பிக்க முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, பழஞ்சுவரில் இருந்த கல்வெட்டுகளை ஏட்டில் படியெடுத்து வைத்தனர். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவற்றைப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டினர். சுவர் மாறும்போது செய்தி அழிந்துவிடாமல் காப்பது பழைய அறம். அன்று அதற்கு அரசன் ஆணை வேண்டியிருந்தது; நம் காலத்தில் ஒரு தனி மனிதரின் நல்லெண்ணம் அதனைச் செய்தது.

சிறு கருவிகள் ஒன்றன் தோளில் ஒன்று ஏறி வளர்வதையும் காணலாம். ஆத்திரேலியரான மார்க் டர்டின் 1993-இல் லாவோ மொழியைத் தட்டெழுதுவதற்காகக் 'கீமேன்' என்னும் சிறு மென்பொருளைச் செய்தார். அதனையே அடிப்படையாகக் கொண்டு, தமிழுக்கு 'எ-கலப்பை' என்னும் கருவியைத் 'தமிழா' குழுவின் முகுந்தராசு அளித்தார். லாவோ மக்களுக்காகச் செய்த கருவி தமிழ் நிலத்தை உழுதது! பின்னர் எ-கலப்பை தனக்கென எழுதிய நிரலோடு, மூலநிரலை எவரும் படிக்கவும் திருத்தவும் உரிமை தந்து வெளிவந்தது. முத்து நெடுமாறன் கைப்பேசிக்கென 2005-இல் 'செல்லினம்' தந்தார். கலியாணசுந்தரம் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. முத்து அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் 'எழில்' என்னும் மொழியை ஆக்கினார். அவரும் நண்பர்களும் வளர்த்த 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பைப் பயன்படுத்தினால், கணிப்பொறியும் திருவண்ணாமலையை எண்ணி ஏழு என்றே சொல்லும். குழந்தையின் கணக்கு கடைசியில் பொறிக்கும் வந்து சேர்ந்தது.

சொற்களை வைத்து விளையாட்டுச் செய்ய விரும்பும் மாணவனுக்கு இந்த ஏழு என்னும் விடை இன்றியமையாதது. ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் 'வேர்டில்' என்னும் ஆங்கில விளையாட்டைச் சோசு வார்டில் என்பவர் தம் துணைவியின் மகிழ்ச்சிக்காகச் செய்தார், 2021-இல் வெளியிட்டார், சில மாதங்களில் உலகமே அதனை ஆடியது. அதுபோல் தமிழில் ஒன்று செய்ய முனைபவன், 'அண்ணாமலை' ஐந்தெழுத்தா எட்டா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். அதைத் தீர்த்து வைத்த முன்னோர் இருப்பதால், அவன் நேரே விளையாட்டுக்குள் செல்லலாம்.

நண்பர்களே, இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? சிறு தேவை ஒன்றை உண்மையாக உணர்ந்த ஒருவன், தனியே இருந்தும் நாட்டுக்குப் பயன்படும் கருவியைச் செய்ய முடியும். ஆனால் அவனுக்கு இரண்டு கடமைகள் உண்டு. கருவி தனதாயினும் குறியீடு ஊருக்குப் பொதுவானதாக இருத்தல் வேண்டும். மூலநிரலைப் பிறர் காணும்படி விட்டுச் செல்லுதல் வேண்டும். முதற்கடமையை மறந்தால் எழுதியது தீவாகும். இரண்டாவதை மறந்தால் செய்தவனோடு கருவியும் மறையும்.

உங்கள் வீட்டிலும் பழைய எழுத்துருவில் முடங்கிய ஒரு கோப்பு இருக்கலாம். பாட்டனார் எழுதிய கடிதமோ, பள்ளி ஆண்டு மலரோ, ஊர்த் திருவிழாக் கணக்கோ இருக்கலாம். இவ்வாரமே அதனைத் தேடி எடுத்து ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். மாற்றும் கருவி அதற்குப் பொருந்தாவிட்டால், பொருந்தும் கருவியை நீங்களே செய்யத் தொடங்குங்கள். முன்னே சென்றவர்களும் அவ்வாறே தொடங்கினார்கள்.