உருவத்தைத் தொடராத வலை

பறக்கும் ராக்கெட்டைச் சுற்றிக் காற்று எவ்வாறு பாய்கிறது என்பதைச் சொல்லும் சமன்பாடுகள் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டன. அவற்றைத் தீர்ப்பதில் நின்ற பெருந்தடைகளுள் ஒன்று உருவம். கூம்பு முனை, பக்கவாட்டு உந்துபொறிகள், இறக்கைகள், புடைப்புகள் என உண்மையான ராக்கெட்டின் வடிவம் எந்த எளிய வாய்பாட்டுக்கும் அடங்குவதில்லை. இத்தடையைக் கடந்த வரலாற்றில் திருவனந்தபுரத்துக்கும் ஓர் இடம் உண்டு.

1943இல் ரிச்சர்டு கூரண்ட், ஒரு பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தோராயத் தீர்வைக் கட்டும் வழியை முன்வைத்தார். 1956இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் ஆகியோர் விமானக் கட்டமைப்புகளுக்கு இத்தகைய முறையை வகுத்தனர். ‘ஃபைனைட் எலிமென்ட்’, அதாவது முடிவுறு கூறு, என்ற பெயரை 1960இல் சூட்டியவர் கிளஃப். இம்மரபின் எழுதாச் சட்டம் ஒன்றுதான்: வலை, பொருளின் விளிம்பை ஒட்டியே அமைய வேண்டும். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் கட்டமைப்பு ஆய்வுக்கென உருவான ‘ஃபீஸ்ட்’ மென்பொருளும் இம்மரபைச் சேர்ந்ததே. ஆனால் இச்சட்டத்துக்கு விலை உண்டு. வடிவமைப்பில் ஓர் இறக்கை இடம் மாறினாலும் வலையை மீண்டும் பின்னியாக வேண்டும்.

சட்டத்தை மீறத் தூண்டியவற்றுள் ஒன்று இதயம். அதன் வால்வுகள் கணந்தோறும் உருவம் மாறுபவை. 1972இல் சார்லஸ் பெஸ்கின், சதுர வலையை அசையாமல் வைத்துக்கொண்டு, வால்வு இரத்தத்தின்மேல் செலுத்தும் விசையை மட்டும் சமன்பாட்டில் சேர்த்தார். அதற்கு முந்தைய ஆண்டில் யோவாகிம் நிட்ஷே, எல்லை நிபந்தனையை வலையின் முனைகளில் திணிக்காமல் சமன்பாட்டுக்குள்ளேயே சேர்க்கும் வழியைக் காட்டியிருந்தார். இவ்வழியைப் பொருளின் விளிம்பைப் பொருட்படுத்தாத வலையோடு இணைத்து, 2002இல் அனிதா ஹான்ஸ்போவும் பீட்டர் ஹான்ஸ்போவும் ‘பொருந்தா’ முடிவுறு கூறு முறை ஒன்றை நிறுவினர்.

இங்கே புதிய இடர் எழுந்தது. விளிம்பு ஒரு கட்டத்தின் மூலையை மட்டும் உரசிச் சென்றால், உள்ளே எஞ்சுவது ஊசிமுனையளவு துண்டு. அத்துண்டு கணக்கு முழுவதையும் நிலைகுலையச் செய்யும். 2010இல் எரிக் பர்மன், அத்தகைய கட்டத்தை அண்டைக் கட்டத்தோடு பிணைக்கும் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்து இதற்குத் தீர்வு கண்டார்.

திருவனந்தபுரத்தில் காற்றியக்கக் கணிப்புக்கு உருவான ‘பராஸ்-3டி’ முடிவுறு கூறு முறையன்று. அது முடிவுறு கனவளவு முறை. எனினும் வலை பற்றிய அதன் கோட்பாடு இதுவே. செங்கோண வலை ராக்கெட்டை ஊடறுத்துச் செல்கிறது. நுணுக்கம் தேவைப்படும் இடங்களில் கட்டங்கள் மேலும் சிறிதாகப் பிளக்கின்றன. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழுந்த தும்பா ஒரு மீனவக் கிராமம். மீனின் உருவம் பார்த்து எந்த மீனவரும் வலை பின்னுவதில்லை. வலைக்கண்ணின் அளவைத்தான் தேர்கிறார். பராஸின் நெறியும் ஏறத்தாழ அதுவே.

இத்தகைய கணிப்புகளுக்குப் பெருங்கணினி வேண்டும். 2011 மே 2 அன்று அம்மையத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘சாகா-220’, 400 வரைகலைச் செயலிகளையும் 400 பொதுச் செயலிகளையும் கொண்டது. செலவு சுமார் 14 கோடி ரூபாய். வேகம் 220 டெராஃப்ளாப்ஸ்.

விலைக்கு வாங்கும் மென்பொருள் இருக்க, சொந்தமாக எழுதுவது எதற்கு? கிரையோஜெனிக் ஒப்பந்தத்தை ஒட்டி 1992இல் அமெரிக்கா இஸ்ரோ மீது விதித்த தடை இதற்கு ஒரு விடை. மற்றொரு விடை கணக்கிலேயே உள்ளது. வெட்டுண்ட கட்டங்களில் பிழை எங்கே ஒளிகிறது என்பதை, நிரலைத் திறந்து பார்க்க இயன்றவரே சோதிக்க முடியும்.

பொருந்தும் வலை இதனால் காலாவதியாகிவிடவில்லை. உடலை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் உராய்வையும் வெப்பத்தையும் கணிக்க, விளிம்பைத் தொடரும் வலையே இன்றும் சிக்கனமானது. பொருந்தா வலை மிச்சப்படுத்துவது மனிதரின் வலை பின்னும் நாட்களை. அதற்கு ஈடாக, ஒவ்வொரு வெட்டுண்ட துண்டுக்கும் கணிதம் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது.