கோயிலே இசைப்பள்ளி: திருக்கேதீஸ்வரமும் மேளக்கலை பயின்ற மரபும்

இலங்கையின் வடமேற்குக் கரையில், மன்னார்த் தீவுக்கு எதிரேயுள்ள பெருநிலத்தில், பாலாவித் தீர்த்தத்தின் கரையில் அமைந்துள்ள திருக்கேதீஸ்வரம் தேவாரப் பாடல் பெற்ற தலம் என்பதும், அதன் அருகே விளங்கிய மாதோட்டம் மேற்கே அரபு நாடுகளோடும் கிழக்கே சீனத்தோடும் வணிகத் தொடர்பு கொண்டிருந்த பழைய துறைமுகம் என்பதும் பலரும் அறிந்தவை. இத்தகைய பெருங்கோயில்களுக்கு வழிபாட்டோடு இணைந்த மற்றொரு பணியும் இருந்தது. ஒரு சிறுவன் இசைக்கருவியை முதன்முதலாகத் தொட்டது எங்கே, யாரிடம், எந்த முறையில் என்ற கேள்விகளுக்குத் தமிழர் வரலாற்றில் பல நூற்றாண்டுகளாகக் கோயிலே விடையாக நின்றது. திருக்கேதீஸ்வரத்தின் எழுச்சியையும் அழிவையும் மீட்சியையும் இசைக்கல்வியின் பக்கமிருந்து நோக்கினால், கருவியிசை நாள்வழிபாட்டின் கடமையாக இருந்த இடத்திலேயே அதைக் கற்பிக்கும் மரபும் நிலைத்தது என்பது புலனாகும்.

இத்தலத்தின் மீது 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரமூர்த்தி நாயனாரும் பதிகங்கள் அருளினர். இருவரும் இராமேஸ்வரத்திலிருந்தவாறே கடல் கடந்த இத்தலத்தை நினைந்து பாடினர் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி. சம்பந்தர் பதிகம் நட்டராகம் என்னும் பண்ணிலும், சுந்தரர் பதிகம் நட்டபாடை என்னும் பண்ணிலும் அமைந்துள்ளன. பண் என்பது இன்ன சுரங்கள் இன்ன முறையில் நடக்க வேண்டும் என்னும் வரையறை உடைய பழந்தமிழ் இசைவடிவம்; இன்றைய வழக்கில் ஓதுவார்கள் நட்டராகத்தைப் பந்துவராளியாகவும் நட்டபாடையைக் கம்பீரநாட்டையாகவும் பாடுகின்றனர். சம்பந்தருடன் தலங்கள்தோறும் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் அவருடைய பாடல்களை யாழில் இசைத்தார். பாணர் குடியில் யாழ் என்பது தந்தையிடமிருந்து மகன் கேட்டும் பார்த்தும் கைக்கொண்ட கருவி. எழுதிய பாடம் எதுவும் அதற்கு இல்லை. அந்தக் குடிவழிக் கற்றல் அறுந்தபோது யாழும் வழக்கிலிருந்து மறைந்தது. மட்டக்களப்பு மண்ணின் மைந்தரான சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் ஆய்ந்து 1947இல் வெளியிட்ட 'யாழ் நூல்' அதன் வடிவத்தையும் சுரமுறையையும் கணக்கிட்டுக் காட்டியது. ஆயினும், அந்த யாழை மீட்டிய விரல்களின் பழக்கத்தை அறிவதற்கு அவருக்கும் வாழும் ஆசிரியர் ஒருவர் கிடைக்கவில்லை.

இசைக்கருவி பயில்வதற்கு நிலையான பொருளியல் அடிப்படை சோழர் காலத்தில் உருவானது. முதலாம் இராசராசனின் படைகள் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையின் வடபகுதியைக் கைப்பற்றியபின், மாதோட்டம் இராசராசபுரம் என்ற பெயரைப் பெற்றது. சோழ நாட்டைச் சேர்ந்த தாழி குமரன் என்னும் அதிகாரி அங்கே இராசராச ஈஸ்வரம் என்ற கோயிலை எடுப்பித்து, அதன் நாள்வழிபாட்டுக்கும் வைகாசி விசாகத் திருவிழாவுக்கும் நிவந்தம் அளித்ததை மாதோட்டத்துக் கல்வெட்டு கூறுகின்றது. நிவந்தம் என்பது கோயிற் செலவுக்காக நிலத்திலிருந்தோ வரியிலிருந்தோ நிலையாக ஒதுக்கப்பட்ட வருவாய். அதே மன்னன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்துவைத்த கல்வெட்டுகள், இத்தகைய நிவந்தம் இசைவாணர்களை எவ்வாறு தாங்கியது என்பதை விரிவாகக் காட்டுகின்றன. திருப்பதியம் விண்ணப்பிக்க, அதாவது தேவாரம் பாட, 48 பிடாரரும், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவருமாக 50 பேர் அங்கே அமர்த்தப்பட்டு, ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் இறந்தாலோ நாட்டைவிட்டு நீங்கினாலோ அவருக்கு அடுத்த உறவினர் அந்நெல்லைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும் என்றும், அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய ஒருவரை அமர்த்த வேண்டும் என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது.

தமிழகக் கருவியிசைக் கல்வியின் அடித்தளத்தை இந்த ஒரு விதியில் காணலாம். பணி உறவுமுறையில் இறங்கியதால், தந்தை தன் மகனுக்கோ மருமகனுக்கோ இளமையிலேயே கற்பிக்க வேண்டிய தேவை எழுந்தது. அதேவேளை, தகுதி வேண்டும் என்ற நிபந்தனை இருந்தமையால், பிறப்பொன்றே ஒருவருக்கு அப்பணியைப் பெற்றுத் தந்துவிடவில்லை. எனினும், காலப்போக்கில் கருவியும் அதன் கல்வியும் சில குடும்பங்களுக்கும் சாதிகளுக்கும் உள்ளேயே அடங்கிப்போயின என்பதும், ஆர்வம் இருந்தும் பிறருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை என்பதும், கலையைப் போற்றிய சமூகம் கலைஞரைச் சமமாக நடத்தத் தவறியது என்பதும் இம்மரபின் மறுபக்கங்களாகும்.

இன்று சிவாலயங்களில் ஒலிக்கும் மங்கல இசைக்கு முதன்மையான கருவிகள் நாதஸ்வரமும் தவிலும் ஆகும். இவ்விரண்டும் தாளமும் சுருதியும் கூடிய குழுவை மேளம் என்பர். சோழர் காலக் கருவிகளுக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளிலேயே இவை கோயில்களில் மேலோங்கின. நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படுவது. கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டை இக்கருவி செய்வதில் பெயர்பெற்ற ஊர். உடலின் மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழலைப் பொருத்தி, அதன்மேல் நாணல் வகைத் தட்டையால் செய்த சீவாளியைச் செருகி ஊதுவர். கீழ்முனையில் அணசு என்ற விரிந்த வாய்ப்பகுதி இருக்கும். விரல்களால் மூடித் திறக்கும் துளைகள் ஏழு. பலாமரத்தில் குடைந்த தவிலின் ஒருபுறத்தை, விரல்களில் கூடு எனப்படும் கடினமான உறைகளை அணிந்த கையாலும், மறுபுறத்தைக் கழியாலும் வாசிப்பர்.

இக்கருவிகளைக் கற்கத் தொடங்கிய சிறுவனுக்கு அவற்றை உடனே கையில் கொடுக்கும் வழக்கம் இருந்ததில்லை. விசயதசமி போன்ற நல்ல நாளில் வெற்றிலை பாக்குடன் தட்சிணை வைத்து ஆசிரியரை வணங்கிய பின், அவன் முதலில் வாய்ப்பாட்டையே பயின்றான். புரந்தரதாசர் வகுத்தவை எனப்படும் சரளி வரிசை, சண்ட வரிசை, அலங்காரம் ஆகிய தொடக்கப் பாடங்களைக் குரலில் பாடி, கையில் தாளமிட்டு, சுரத்தின் இடம் காதில் நன்கு பதிந்த பிறகே கருவிக்கு வந்தான். நாதஸ்வரத்தில் ஒரே துளையிலிருந்து, மூச்சின் அழுத்தத்தாலும் சீவாளியைப் பற்றும் உதடுகளின் இறுக்கத்தாலும், விரல் துளையை மூடும் அளவாலும் நுட்பமாக வேறுபடும் ஒலிகள் பிறக்கின்றன. எனவே எந்த ஒலி வேண்டும் என்பதை மனத்தில் பாடிக்கொள்ளத் தெரியாதவரால் அதை ஊத இயலாது. குரலே முதற்கருவி என்ற விதிக்குக் காரணம் இதுவே.

அடுத்த நிலை மேளத்தோடு சேர்ந்து நிற்பது. சிறுவன் முதலில் கைத்தாளம் போட்டான். பின்னர் ஒத்து ஊதினான். ஒத்து என்பது நாதஸ்வரத்தைப் போன்ற வடிவுடைய, ஆனால் ஒரே சுரத்தை இடைவிடாது ஒலிக்கும் துணைக்கருவி. மூக்கால் மூச்சை உள்ளிழுக்கும்போதே கன்னத்தில் தேக்கிய காற்றை வெளிவிட்டு, ஒலி அறாமல் காக்கும் பயிற்சியை ஒத்து அவனுக்குத் தந்தது. சுருதியில் பிசகாத காதும், நெடுநேரம் தளராத மூச்சும், ஆசிரியர் ஓர் இராகத்தை எவ்வாறு தொடங்கி வளர்த்து முடிக்கிறார் என்ற அறிவும் அவனுக்கு இந்த நிலையிலேயே வாய்த்தன. மின்சாரத்தால் இயங்கும் சுருதிப்பெட்டி ஒத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகு சுருதி குறைவுபடவில்லை. ஆனால் மாணவன் வித்துவானின் பக்கத்தில் நின்று கேட்டே கற்ற ஒரு வகுப்பு மறைந்தது.

தவில் பயில்வோனுக்கும் வழி இதுவே. விரலைக் கொண்டு அடிக்குமுன் நாவைக் கொண்டு சொல்ல வேண்டும் என்பது அக்கலையின் முதல் விதி. த, தி, தொம், நம் போன்ற எழுத்துகளால் ஆன சொற்கட்டுகளை, அதாவது அடிகளின் ஒலியை வாயால் சொல்லும் தொடர்களை, மூன்று வேகங்களிலும் பிழையின்றி உரைத்த பிறகே, மரக்கட்டையிலும் பலகையிலும் தட்டிப் பழகி, அதன் பின்னர் தவிலை ஏந்துவான். எளிதில் ஒலி எழாத கட்டையில் பழகிய கைக்குத் தோலின்மேல் தெளிவும் வலுவும் கூடின.

இந்தப் பயிற்சிகளுக்குக் கோயிலின் நாள்முறையே பாடத்திட்டமாக அமைந்தது. விடியற்காலையில் பூபாளம், இரவில் நீலாம்பரி எனப் பூசைக்காலங்களுக்கு உரிய இராகங்கள் வகுக்கப்பட்டிருந்தன. சுவாமி புறப்பாட்டுக்கு மல்லாரி உரியது. மல்லாரி என்பது பாடற்சொற்கள் இன்றி, சொற்கட்டுகளாலும் சுரங்களாலும் ஆகி, கம்பீரநாட்டையில் வாசிக்கப்படும் உருப்படி. தேருக்கும் தீர்த்தத்துக்கும் தளிகை என்னும் படையலுக்கும் எனத் தனித்தனி மல்லாரிகள் உண்டு. சுந்தரர் திருக்கேதீஸ்வரத்துக்குப் பாடிய பதிகத்தின் பண்ணும் மல்லாரியின் இராகமும் இன்றைய வழக்கில் ஒன்றே என்பது எண்ணி மகிழத்தக்கது. ஆண்டு முழுவதும் மேளத்துடன் நின்ற சிறுவன் இராகத்தை அதன் வேளையோடும், உருப்படியை அதன் சடங்கோடும் சேர்த்தே அறிந்தான்.

அந்நாள்முறை குலைந்தபோது கல்வியும் குலைந்தது. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்தனர். 16ஆம் நூற்றாண்டில் திருக்கேதீஸ்வரம் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் கோட்டைக்கும் பிற கட்டடங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டன என்பது வழிவழியாக வரும் செய்தி. பூசை நின்ற இடத்தில் மேளத்துக்கு வேலை இல்லை. வேலை இல்லாத இடத்தில் கற்போரும் இல்லை. ஆயினும் அக்கரையில் இசை வற்றிவிடவில்லை. கத்தோலிக்க சமயத்தைத் தழுவிய மன்னார், மாதோட்ட ஊர்களில் நாட்டுக்கூத்து வளர்ந்தது. பாட்டையும் ஆட்டத்தையும் மத்தளத்தோடு இணைத்துக் கற்பித்த அண்ணாவியார்கள் புனிதர்களின் வரலாறுகளை மேடையேற்றினர். சமயம் மாறிய ஊர்களிலும், வழிபாட்டோடும் திருவிழாவோடும் ஒட்டியே கருவி பயிலப்பட்டது என்பது மேற்கூறிய கருத்துக்கு வலுச்சேர்க்கின்றது.

கோயில் மேளக்கலை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மறுபடி தழைத்தது. இணுவில், அளவெட்டி, கோண்டாவில், சாவகச்சேரி முதலிய ஊர்களில் நாதஸ்வர, தவில் குடும்பங்கள் வேரூன்றின. கோயில் திருவிழாவில் ஒவ்வொரு நாளின் செலவையும் ஏற்ற உபயகாரர்கள் தமிழகத்துப் பெருவித்துவான்களை அழைத்து, உள்ளூர்க் கலைஞர்களோடு இரவிரவாக வாசிக்கச் செய்தனர். இளையோருக்கு அவ்விரவுகளே உயர்வகுப்புகளாக அமைந்தன. இணுவிலில் 1933இல் பிறந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி, தவில் வித்துவானான தந்தை விசுவலிங்கத்திடமே முதற்பாடம் கற்று, பின்னர் தமிழகத்தின் நாச்சியார்கோயில் ராகவப்பிள்ளையிடம் மேற்பயிற்சி பெற்று, 1975இல் மறையும்வரை இருகரையிலும் ஒப்பற்ற கலைஞராக விளங்கினார். அளவெட்டி என்.கே. பத்மநாதன், சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசன் ஆகியோர் நாதஸ்வரத்தில் ஈழத்துக்குத் தனிப்பெயர் தேடித் தந்தனர்.

திருக்கேதீஸ்வரமும் மெல்ல மீண்டெழுந்தது. அதை மீட்க வேண்டும் என்று சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1872இல் சைவ மக்களைக் கேட்டுக்கொண்டார். 1893இல் நிலம் வாங்கப்பட்டது. அடுத்த ஆண்டு பழைய இலிங்கம் அகழ்ந்தெடுக்கப்பட்டது. 1903இல் சிறிய கோயில் எழுந்தது. 1948இல் தோன்றிய திருப்பணிச் சபையில் சேர் கந்தையா வைத்தியநாதன் முன்னின்று உழைத்தார். 1976இல் பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது. மூன்று நூற்றாண்டுகள் மேளம் ஒலிக்காதிருந்த பாலாவிக் கரையில் மங்கல இசை மறுபடியும் எழுந்தது, குடாநாட்டில் கலை அறாமல் காக்கப்பட்டிருந்ததன் பயனே ஆகும்.

இதே காலத்தில் இசைக்கல்வி கோயிலிலிருந்து கல்லூரிக்கும் பரவியது. சிதம்பரத்தில் 1929இல் இசைக்கல்லூரி தொடங்கியது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை தரம் வகுத்துத் தேர்வுகளை நடத்தி, ஈழத்துச் சிறுவர் சிறுமியர்க்குப் பொதுவான பாடத்திட்டத்தைத் தந்தது. மருதனார்மடத்தில் 1960இல் நிறுவப்பட்ட இராமநாதன் இசைக்கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. குடிப்பிறப்பைக் கேளாமல் ஆர்வமுள்ள எவருக்கும் வயலினையும் வீணையையும் மிருதங்கத்தையும் கற்பித்து, பெண்களுக்குப் பெருவழி திறந்தது இந்நிறுவனங்களின் பெருமை. நாள்வழிபாட்டில் நின்று கேட்டுக் கற்கும் நெடும்பயிற்சியைத் தருவது மட்டும் வகுப்பறையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

1990ஆம் ஆண்டளவில் போரினால் மன்னார்க் கரையின் மக்கள் இடம்பெயர்ந்தபோது, திருக்கேதீஸ்வரத்தின் வழிபாடு மீண்டும் தடைப்பட்டது. ஓயாத முயற்சியால் புதுக்கப்பட்ட கோயிலில் 2022 சூலையில் குடமுழுக்கு நடைபெற்றது. கருங்கல்லில் கோயிலை எழுப்பிய உறுதி, அங்கே ஒலிக்கும் இசைக்கு உரிய மனிதரை உருவாக்குவதிலும் வேண்டும். நாள்தோறும் மேளப்பணி, அதற்குத் தகுந்த ஊதியம், கலைஞர்க்குச் சமமான மதிப்பு, சாதியும் பாலும் பாராமல் தாளத்திலிருந்தே தொடங்கும் சிறுவர் பயிற்சி ஆகிய நான்கையும் ஒருங்கே வழங்கும் கோயில் தன் இசையைத் தானே வளர்த்துக்கொள்ளும். தஞ்சைக் கல்வெட்டு உறவையும் தகுதியையும் சேர்த்து நிறுத்தியது. உறவு என்னும் வேலியை நீக்கித் தகுதியை மட்டும் நிலைநிறுத்துவதும், அத்தகுதியை ஈட்டும் வாய்ப்பை எல்லாப் பிள்ளைகளுக்கும் அளிப்பதும் இக்காலத்துக்கு உரிய கடமையாகும்.